பப்புவா மொழிகளின் குடும்பப் பட்டியல்கள் ஏன் ஒத்துப்போவதில்லை? வகுப்புக்கு எதைக் கொடுப்பது?

களுவாஞ்சி_வகுப்பு:

வணக்கம். முதலாம் ஆண்டு மொழியியல் மாணவர்களுக்கு மொழிக்குடும்பங்கள் பற்றி இரண்டு மணித்தியால வகுப்பொன்று இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள்தான், முப்பது பேரளவில். திராவிடம், இந்தோ-ஐரோப்பியம் எல்லாம் கேட்டுப் பழகியவை என்பதால் நியூகினித் தீவை எடுக்கலாம் என்று நினைத்தேன். பப்புவா நியூகினி நாட்டில் மட்டும் 800க்கு மேல் மொழிகள். பலவற்றுக்குச் சில நூறு பேர்தான் பேச்சாளர்.

சிக்கல் என்னவென்றால், எடுக்கிற பட்டியல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொல்கிறது. ஒன்றில் ஐந்து பெருங்குழுக்களும் சில சில்லறைகளும். இன்னொன்றில் 23 குடும்பங்கள். வேறொன்றில் 80. நியூ அயர்லாந்துத் தீவின் குவோட் மொழி ஓரிடத்தில் 'கிழக்குப் பப்புவா' என்ற குழுவுக்குள் இருக்கிறது, மற்ற இடத்தில் உறவே இல்லாத தனிமொழி. ரீஃப் - சாந்தா குரூஸ் தீவு மொழிகளை ஒரு பட்டியல் பப்புவா என்கிறது, இன்னொன்று ஆஸ்திரோனேசியம் (மலாய் முதல் ஹவாய் வரையான மொழிகள் சேர்ந்த பெருங்குடும்பம்) என்கிறது. இது சின்ன வித்தியாசம் இல்லையே. எதை நம்பிக் கையேடு போடுவது?

இன்னொன்று. 'ட்ரான்ஸ் நியூகினி' குடும்பத்தின் மூலமொழியில் 'நா' என்றால் 'நான்' என்று போட்டிருக்கிறது. இதை வைத்து 'தமிழ் நியூகினி வரை போயிருக்கிறது' என்று முகநூலில் ஒரு படம் சுற்றுகிறது. மாணவர்கள் கட்டாயம் அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். என்ன பதில் சொல்வது?

வகுப்பிலேயே கையால் செய்து பார்க்கக்கூடிய பயிற்சி ஏதும் இருந்தாலும் சொல்லுங்கள். பப்புவா மொழித் தரவு எங்களிடம் இல்லை.

—

ஒலுவில்_நூலகம்:

சேர், முதலில் 'பப்புவா மொழிகள்' என்ற பெயரையே பிரித்துப் பார்க்கவேண்டும். அது குடும்பப் பெயர் அல்ல. நியூகினியிலும் அயல் தீவுகளிலும் உள்ள மொழிகளில் ஆஸ்திரோனேசியமும் அல்லாத, ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியும் அல்லாத மிச்சம் எல்லாவற்றுக்கும் போட்ட பொதுப் பெயர். மேற்கே தீமோர், அலோர், பந்தார், ஹல்மஹேரா. கிழக்கே பூகன்வில், சொலமன் தீவுகள் வரை பரந்து கிடக்கிறது. 'பப்புவா மொழி' என்று ஒரு மொழியைச் சொன்னால், அது எதனோடு உறவு என்று இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எது அல்ல என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். மாணவருக்கு முதல் பலகையில் எழுதவேண்டியது இதுதான்.

எண்கள் ஏன் வேறுபடுகின்றன என்றால், ஒவ்வொருவரும் வேறு வேறு சாட்சியத்தை எண்ணினார்கள்.

ஸ்டீபன் வூர்ம் 1975இல் தொகுத்த வகைப்பாடு பெரும்பாலும் சொல்விழுக்காட்டில் நின்றது. அடிப்படைச் சொற்பட்டியல் ஒன்றை எடுத்து, இரண்டு மொழிகளில் எத்தனை விழுக்காடு ஒத்துவருகிறது என்று எண்ணுவது. 28 விழுக்காட்டுக்கு மேலே போனால் ஒரே குடும்பம். 12க்கும் 28க்கும் இடையில் என்றால் அதைவிடத் தளர்ந்த குழு. அதற்கும் கீழே போனால் 'ஃபைலம்' என்ற மிகத் தளர்ந்த பெருங்குழு. இப்படித்தான் ஏறக்குறைய 500 மொழிகளைக் கொண்ட ட்ரான்ஸ் நியூகினி, அதோடு செப்பிக்-ராமு, டொரிசெல்லி, மேற்குப் பப்புவா, கிழக்குப் பப்புவா என்ற பெரும் குழுக்கள் வந்தன. அடித்தட்டில் கோளாறு இருக்கிறது. 12 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் உறவால் வந்த ஒற்றுமையையும், கடன்வாங்கிய சொல்லையும், தற்செயலையும் பிரித்தறிய அந்த முறையில் வழியே இல்லை. அந்தக் குழுக்களில் சில சொற்களைவிட இலக்கண அமைப்பின் சாயலை நம்பியே கட்டப்பட்டன.

வில்லியம் ஃபோலி 1986இல் நேர் எதிர்ப் பக்கம் நின்றார். நிறுவப்படாத எதையும் சேர்க்கமாட்டேன் என்றதும் குடும்பங்களின் எண்ணிக்கை 60 அளவுக்குப் போனது.

2005இல் மால்கம் ரொஸ் மூவிடப்பெயர்களை மட்டும் எடுத்தார். 600 அளவான மொழிகளின் நான், நீ, அவன்/அவள், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற வரிசைகளை ஒப்பிட்டு 23 குடும்பங்களையும் ஒன்பது முதல் பதின்மூன்று வரை தனிமொழிகளையும் சொன்னார். நீங்கள் பார்த்த 23 இதுதான். ஆனால் அவர் அதை முதற்கட்டச் சோதனை என்றுதான் முன்வைத்தார். எங்கே தோண்டவேண்டும் என்று குறி வைப்பது மாதிரி. பட்டியல்களைப் படியெடுக்கிறவர்கள் அந்த 'முதற்கட்டம்' என்பதை விட்டுவிட்டார்கள்.

80 என்பது பில் பாமர் 2018இல் பதிப்பித்த கைந்நூலின் கணக்கு: 43 குடும்பங்கள், 37 தனிமொழிகள், மொத்தம் 862 மொழிகள். குளொட்டொலொக் என்ற இணையத் தரவுத்தளம் இன்னும் இறுக்கம். உறவை யாராவது சான்றோடு வெளியிட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் பிரித்தே வைக்கும். அதனால் அங்கே 'நியூக்ளியர் ட்ரான்ஸ் நியூகினி' 300 அளவான மொழிகளோடு நின்றுவிடுகிறது.

இனி உங்கள் குவோட். வூர்மின் 'கிழக்குப் பப்புவா' என்ற குழு இன்று கிட்டத்தட்ட யாரும் ஏற்காதது. பூகன்வில் தீவில் வடக்கு, தெற்கு என்று இரண்டு தனிக் குடும்பங்கள். ரொஸல் தீவின் யேலி தனிமொழி என்றே பெரும்பாலும் வைக்கப்படுகிறது. பிலுவா, டோவோ, லவுகலேவே, சவோசவோ நான்கையும் 'மத்திய சொலமன்' என்று சேர்ப்பவரும் உண்டு, நான்கையும் தனித்தனியே விடுபவரும் உண்டு. குவோட், நியூ அயர்லாந்தில் ஆஸ்திரோனேசியம் அல்லாத ஒரே மொழி. வினைச்சொல் வாக்கியத்தின் முதலில் வருவது. நியூகினிப் பக்கம் வினை கடைசியில் வருவதுதான் பெருவழக்கு. அதைத் தனிமொழி என்று எழுதினால் பிழை வராது.

—

சம்மாந்துறை_நானா:

அந்த முகநூல் படத்துக்கு நான் பதில் சொல்றன், இது லேசான விசயம்.

மூல ட்ரான்ஸ் நியூகினிக்கு ரொஸ் கட்டின வரிசை ஏறக்குறைய இப்படி: *நா (நான்), *ங்கா (நீ), *யா (அவன்), *நி (நாங்கள்), *ங்கி (நீங்கள்), *இ (அவர்கள்). முன்னால உடுக்குறி போட்டா, எங்கயும் பதிவான சொல் இல்ல, கணிச்சுக் கட்டினது எண்டு அர்த்தம். அந்தப் படத்தில உடுக்குறியக் கழட்டிப் போட்டிருக்கிறாங்க. அங்கயே முதல் கோளாறு.

ரெண்டாவது, தமிழ்ப் பக்கம். 'நான்' தமிழில பழைய வடிவம் இல்ல மச்சான். சங்கப் பாடல்கள்ல வழக்கு 'யான்'. பழங்கன்னடத்தில 'ஆன்'. 'என்னை, எனக்கு' எண்டு வேற்றுமை ஏறுற இடத்தில இண்டைக்கும் முன்னால 'ந' இல்ல. மூலத் திராவிடத்துக்கு *யான் எண்டுதான் மீட்டுருவாக்குறாங்க. 'நாம்' மாதிரியான வடிவங்களின்ட சாயல்ல 'ந' பிறகு வந்து ஒட்டினது எண்டதுதான் பொதுவான விளக்கம். அப்ப ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்தின *நாவோட பிந்தி வந்த ஒரு 'நா'வைப் பொருத்துறதில என்ன இருக்கு?

மூண்டாவதுதான் உங்கட வகுப்புக்கு நல்லாப் பொருந்தும். அதே ட்ரான்ஸ் நியூகினிக்குள்ள மடாங் கிளை எண்டு ஒண்டு, 100 அளவான மொழிகள். அந்தக் கிளையில வரிசை மாறிப்போச்சு: *யா (நான்), *நா (நீ), *நு (அவன்). கலாம் மொழியில 'யாட்' எண்டா நான், 'நாட்' எண்டா நீ, 'நுக்' எண்டா அவன். 'நா'வைக் கண்டவுடன 'நான்' எண்டு பிடிக்கிறவர் கலாம் ஆளோட கதைச்சா, தன்னைச் சொல்றாரா முன்னால நிக்கிறவரச் சொல்றாரா எண்டே தெரியாமப் போயிரும். *நி எண்டா மூல ட்ரான்ஸ் நியூகினியில 'நாங்கள்'. தமிழில 'நீ' முன்னிலை. ஒலி ஒத்தாலும் பொருள் போகுது.

தற்செயலைக் கணக்காகவே காட்டலாம். ஒரு மொழியில சொல்லுக்கு முதல்ல வரக்கூடிய மெய் பத்து எண்டு வைங்க, எல்லாம் ஒரே அளவில வருது எண்டும் வைங்க. 80 குழுக்கள எடுத்தா, 'நான்' எண்டதுக்கு முதல் மெய் 'ந்' ஆக இருக்கிறது சும்மாவே எட்டுக் குழுவில வரும். உண்மையில ந், ம் உலகத்தில கூடப் புழங்குற ஒலிகள், மூவிடப்பெயரும் குறுஞ்சொல், அதனால எட்டுக்கும் கூடவே வரும். 'நான்', 'நீ' ரெண்டு இடமும் ஒரே மெய்களோட ஒத்துவரவேணும் எண்டு கேட்டா நூறில ஒண்டு. 80க்குள்ள ஒரு குழு கூடத் தேறாது. நாலு இடம் எண்டு கேட்டா பத்தாயிரத்தில ஒண்டு. ரொஸ் முறையின்ட பலம் 'நா' எண்ட ஒரு சொல்லில இல்ல. ஒருமையில 'அ', பன்மையில 'இ' எண்டு முழு வரிசையும் சேர்ந்து மாறுறதிலதான் இருக்கு.

மூவிடப்பெயரும் கடன் போகும் எண்டதையும் சொல்லிவிடுங்க. செப்பிக் ஆத்துப் பக்கத்துக் கம்பொட் மொழி அயல் மொழியான யத்முல்லிட்ட இருந்து மூவிடப்பெயர வாங்கிட்டு எண்டு ஃபோலி வாதாடியிருக்கிறார். உலகத்தில அருமையா நடக்கிற விசயம், ஆனா நியூகினியில தள்ளிவிட ஏலாது.

அந்தமான் மொழிகளையும் தஸ்மேனியாவையும் பப்புவாவோட சேர்த்து 'இந்தோ-பசிபிக்' எண்டு ஜோசப் கிரீன்பேர்க் 1971இல ஒரு கருதுகோள் போட்டார். முகநூல்காரர் அடுத்தது அதத்தான் தூக்குவாங்க. வரலாற்று மொழியியல்காரர் அத ஏற்கல்ல. கண்ணுக்கு ஒத்தமாதிரித் தெரியிற சொல்லுகள அடுக்கினதே தவிர, ஒலி மாற்ற ஒழுங்கு ஒண்டும் காட்டப்படல்ல.

—

வாகரை_வடக்கு:

மேலே இருவரும் முறையைச் சொன்னார்கள். சொற்பட்டியல் எங்கே கெட்டுப்போகிறது என்பதையும் சேர்க்கவேண்டும். சின்ன மொழிகளில் பலவற்றுக்கு நீண்ட காலம் இருந்ததே ஒரு நூறு, இருநூறு சொல் கொண்ட பட்டியல் மட்டும்தான். அதுவும் ஓரிரு நாளில், இடைமொழி ஒன்றின் வழியாக எழுதியது. வகைப்பாட்டில் வரும் பிழைகளில் பெரும்பங்கு அந்தத் தாளிலேயே தொடங்குகிறது.

இடைமொழியை எடுங்கள். பப்புவா நியூகினியில் டொக் பிசின் (ஆங்கிலச் சொற்களை அடியாகக் கொண்ட நாட்டுப் பொதுமொழி) வழியாகக் கேட்பார்கள். டொக் பிசினில் 'ஹன்' என்றால் கையும் புயமும். 'லெக்' என்றால் காலும் பாதமும். 'கிராஸ்' என்றால் புல், மயிர், இறகு மூன்றும். 'கிராஸ்' என்ன என்று கேட்டால் ஒரு ஊரில் புல்லின் பெயரைச் சொல்வார்கள், அடுத்த ஊரில் தலைமயிரைச் சொல்வார்கள். உறவுள்ள இரண்டு மொழிகளும் பட்டியலில் ஒத்துவராமல் போகும்.

அடுத்தது உடைமை முன்னொட்டு. பல மொழிகளில் உடலுறுப்பையும் உறவுமுறையையும் தனியே சொல்ல முடியாது. 'என்' அல்லது 'உன்' ஒட்டியே வரும். அலோர் - பந்தார் மொழிகளில் 'என்' என்பதற்கு ந- என்ற முன்னொட்டு. 'கை என்ன?' என்று கேட்டால் 'என்-கை' என்று வருகிறது. அதைப் பிரிக்காமல் எழுதினால் கை, கண், காது, மூக்கு, பல், வயிறு எல்லாம் ந-வில் தொடங்கும். இதே மாதிரி முன்னொட்டுள்ள இன்னொரு மொழியோடு ஒப்பிட்டால், நூறு சொல்லில் பத்துப் பன்னிரண்டு சொல் 'ஒத்து'வந்துவிடும். உண்மையில் ஒத்தது ஒரே ஒரு முன்னொட்டு. சிலவேளை கேட்டவருக்குப் பதில் 'உன்-கை' என்று வந்திருக்கும், அவர் தன் கையைக் காட்டிக் கேட்டதால். ஒரே பட்டியலில் இரண்டும் கலந்து கிடக்கும்.

மூன்றாவது, ஒரு சொல் பல கட்டங்களை நிரப்புவது. மரம், விறகு, நெருப்பு மூன்றுக்கும் ஒரே சொல் வழங்கும் மொழிகள் அங்கே நிறைய. கலாம் மொழியில் வினையடிகளே 130 அளவில்தான். பார், கேள், அறி என்பதற்கெல்லாம் ஒரே வினையடி. கண் சேர்ந்தால் பார்த்தல், காது சேர்ந்தால் கேட்டல். இதை அறியாமல் மூன்று கட்டத்திலும் எழுதினால் ஒரு ஒற்றுமை மூன்றாகிவிடும். எண்ணும்போது ஒரு சொல்லடிக்கு ஒரு புள்ளி என்று கண்டிப்பாக வைக்கவேண்டும்.

சொல் மாற்றம் வேகமாக நடப்பதற்கும் காரணம் உண்டு. சம்பந்திகளின் பெயரையோ, அந்தப் பெயரைப் போல ஒலிக்கும் சொல்லையோ சொல்லக்கூடாது என்ற வழக்கம் பல சமூகங்களில் இருக்கிறது. எங்கள் அம்மம்மாமார் புருசன் பெயரைச் சொல்லாதது போல. ஆனால் அங்கே ஒருவரின் பெயர் 'மழை' என்று இருந்தால் மழைக்கே வேறு சொல் தேடவேண்டும். ஐந்நூறு பேர் பேசும் மொழியில் அந்த மாற்றுச்சொல் ஒரு தலைமுறையில் நிலைத்துவிடலாம். பக்கத்து மொழியில் இருந்து வாங்குவதுதான் லேசான வழி, ஏனென்றால் ஊரில் பாதிப்பேருக்கு அந்த மொழியும் தெரியும். கலாம் ஆட்கள் மலைத்தாழங்காய் பறிக்கப் போகும் காலத்தில் புழங்குவதற்கென்று ஒரு தனிச் சொற்றொகுதியே வைத்திருக்கிறார்கள்.

அதனால் பன்றி, நாய், கோழி, வள்ளம் போன்ற சொற்களை முதலிலேயே வெட்டிவிடவேண்டும். கடற்கரை ஆஸ்திரோனேசியரிடமிருந்து உள்ளே போயிருக்கக்கூடியவை அவை. பேன், முலை, சாவு, தின்னுதல் போன்றவை கொஞ்சம் உறுதி. ட்ரான்ஸ் நியூகினிக்கு மீட்டுருவாக்கிய சொற்களில் நன்றாக நிற்பவையும் இவைதான்: *நிமன் (பேன்), *அமு (முலை), *ந- (தின்), *கும்- (சா). பேனை யாரும் அயலூரில் கடன்வாங்குவதில்லை. பேன் வந்தாலும் பெயர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது.

இலக்கணச் சாயலை உறவுக்குச் சாட்சியாகக் காட்டவேண்டாம். வினை கடைசியில் வருகிறது, 'போய், வெட்டி, கட்டி, கொண்டுவந்து' என்று வினையெச்சம் போல வாக்கியம் நீளுகிறது என்பதையெல்லாம் பார்த்தால் அங்கே பாதி மொழிகள் தமிழுக்குச் சொந்தமாகிவிடும். 2005இல் மைக்கேல் டன் முதலியோர் 125 இலக்கணக் கூறுகளைக் கணினியில் போட்டுத் தீவுப் பப்புவா மொழிகளுக்கு ஒரு கிளைமரம் வரைந்தார்கள். கெட்டித்தனமான முயற்சிதான். அந்த மரம் தீவுகளின் கிடக்கையோடு பெருமளவில் ஒத்துவந்தது. அங்கேதான் கேள்வியும் எழும்பியது: அயலில் இருந்து பழகியதால் வந்த ஒற்றுமைக்கும் ஒரே தாயிடமிருந்து வந்ததற்கும் அந்த மரம் வேறுபாடு காட்டுமா? மார்க் டொனஹியூவும் சைமன் மஸ்கிரேவும் இதே இடத்தில்தான் மறுத்தார்கள். என் எண்ணத்தில் மறுப்புப் பக்கம்தான் கனம் கூட.

—

களுவாஞ்சி_வகுப்பு:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நானா, அந்த எட்டுக் குழுக் கணக்கை அப்படியே பலகையில் போடப்போகிறேன். ரீஃப் - சாந்தா குரூஸ் பற்றி மட்டும் யாரும் தொடவில்லை. பப்புவா என்று இருந்ததை எப்படி ஆஸ்திரோனேசியமாக மாற்றினார்கள்? பயிற்சி பற்றியும் யாராவது சொன்னால் உதவி.

—

கல்லடிப்_பாலம்:

இரண்டையும் ஒன்றாகவே சொல்லலாம் சேர், ஒன்றுக்கொன்று கைகொடுக்கும்.

ரீஃப் - சாந்தா குரூஸ் (சொலமன் தீவுகளின் கிழக்கு ஓரம், ஐவோ அங்கே ஒரு மொழி) மொழிகளின் வினையமைப்பு மிகச் சிக்கல். பெயர்ச்சொற்களை வகைபிரிக்கும் முன்னொட்டுகளும் உண்டு. அடிப்படைச் சொற்களில் ஆஸ்திரோனேசியம் கண்ணுக்குத் தெரிவது குறைவு. எனவே அடியில் பப்புவா, மேலே ஆஸ்திரோனேசியப் பூச்சு என்று வூர்ம் நினைத்தார். 2007இல் ரொஸும் ஓஸ்ஹில்ட் நெஸ்ஸும் ஒலி மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தார்கள். உயிர்கள் உதிர்ந்து, அசைகள் நசுங்கி, சொற்கள் அடையாளம் தெரியாமல் தேய்ந்திருந்தன. தேய்ந்த விதம் ஒழுங்கானது என்று காட்டியதும் அந்தச் சொற்கள் ஆஸ்திரோனேசியத்தின் பசிபிக் கிளையான ஓசியானியத்தின் சொற்களே என்று வெளித்தன. இலக்கணத் துண்டுகளும் பலவும் அங்கிருந்தே வந்தவை. தோற்றத்தை நம்பினால் ஒரு முடிவு, ஒலியொழுங்கை நம்பினால் மறுமுடிவு.

பயிற்சிக்குப் பப்புவாத் தரவு தேவையில்லை. தமிழும் கன்னடமும் போதும். இரண்டு நிரல் போட்டு மாணவரிடம் கொடுங்கள். எது எந்த மொழி என்று சொல்லவேண்டாம்.

பால் – ஹாலு
பல் – ஹல்லு
புலி – ஹுலி
பாம்பு – ஹாவு
பத்து – ஹத்து
பாடம் – பாட
புத்தகம் – புஸ்தக
செவி – கிவி
சேரி – கேரி
கேள் – கேளு
கெடு – கெடு

முதல் பத்து நிமிடம் 'ஒரேமாதிரி' என்று தோன்றுவதற்குப் புள்ளி போடச் சொல்லுங்கள். பாடம், புத்தகம், கேள், கெடு நான்குக்கும் முழுப் புள்ளி கிடைக்கும். பால் - ஹாலு, செவி - கிவி இரண்டையும் ஒரு பகுதியினராவது 'ஒவ்வாது' என்று விட்டுவிடுவார்கள். பிறகு ஒழுங்கைத் தேடச் சொல்லுங்கள். சொல் முதலில் தமிழில் ப் வரும் இடமெல்லாம் எதிரே ஹ் வருகிறது, ஐந்து முறை. அப்படியானால் பாடம் - பாட ஏன் அந்த ஒழுங்கில் இல்லை? பாடம், புத்தகம் இரண்டும் கன்னடத்தில் ப் ஹ் ஆன அந்த மாற்றம் படாமல் நிற்பவை; சமஸ்கிருதத்திலிருந்து இரண்டு மொழிக்கும் வந்த கடன். மிக நன்றாக ஒத்தது கடன், ஒவ்வாதது போலத் தெரிந்தது உறவு. இந்த இடத்தில் வகுப்பு விழித்துக்கொள்ளும்.

செவி - கிவி, சேரி - கேரி என்பதில் தமிழ்ச் ச் எதிரே க். இ, எ போன்ற முன்னுயிர்களுக்கு முன்னால் பழைய க் தமிழில் ச் ஆனது. அப்படியானால் கேள், கெடு ஏன் மாறவில்லை? கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கேட்கும். உயிருக்கு அடுத்து ட், ள் போன்ற நாவளை ஒலி வந்தால் மாற்றம் நடக்கவில்லை. விதிவிலக்கு என்று விட்டதற்கும் ஒரு விதி இருக்கிறது. ரொஸும் நெஸ்ஸும் செய்தது இதே வேலைதான், மிகவும் தேய்ந்த சொற்களில்.

இரண்டாவது மணித்தியாலத்துக்கு நம்ம ஊர்ச் சாமானையே எடுங்கள். வீட்டுப் பொருட்களில் இருபது சொல் பட்டியல் போடச் சொன்னால் கதிரை, அலுமாரி, குசினி, சப்பாத்து, துவாய், விறாந்தை, கோப்பை, அலவாங்கு என்று வரும். அத்தனையும் போர்த்துக்கீசம். இந்தப் பட்டியலை மட்டும் வைத்து ஒருவர் எண்ணினால் மட்டக்களப்புத் தமிழ் போர்த்துக்கீசத்தின் தங்கச்சி. உடனே தலை, கண், வாய், நீர், தின், சா என்று இன்னொரு பட்டியல் போட்டு ஒப்பிடச் சொல்லுங்கள், ஒன்றும் ஒவ்வாது. எந்தச் சொற்களை எடுக்கிறோம் என்பதிலேயே முடிவு பாதி எழுதப்பட்டுவிடுகிறது.

இதற்கு மறுபக்கம், மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கீசக் கிரியோல் (மொழிகள் கலந்து பிறந்த தாய்மொழி). அடிப்படைச் சொற்கள் போர்த்துக்கீசம். ஆனால் வினை கடைசியில் வரும். நமது '-ஐ', '-க்கு' செய்யும் வேலையைச் செய்யும் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். காலம் காட்டும் துண்டு மட்டும் வினைக்கு முன்னால், போர்த்துக்கீசத்திலிருந்தே வந்தது. இயன் ஸ்மித் இதைத்தான் நீண்டகாலம் ஆராய்ந்தார். 125 இலக்கணக் கூறு போன்ற ஒரு படிவத்தை இதற்கு நிரப்பினால் பெரும்பாலான கட்டங்கள் தமிழோடு போய்ச் சேரும். சொல்லை எண்ணினால் லிஸ்பனுக்குப் போகும். வாகரை சொன்ன அந்தக் கிளைமரச் சண்டை என்னவென்று பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். பறங்கியர் வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால் வாக்கியங்களை அவரிடமே கேளுங்கள்; நீங்களாக எழுதிப் போடவேண்டாம், உச்சரிப்புப் பிழைக்கும்.

—

வாகரை_வடக்கு:

கன்னடப் பட்டியலுக்கு ஒரு சின்னச் சேர்க்கை. ஐந்து சோடி போதுமா என்று கேட்பார்கள். ஒலியிருப்புச் சிறிதாக இருந்தால் போதாது. பூகன்விலின் ரொடொகாஸ் மொழியில் மெய்கள் ஆறுதான், உயிர் ஐந்து. ரொஸல் தீவின் யேலியில் மெய்யும் உயிரும் சேர்ந்து தொண்ணூறு. ஆறு மெய்யுள்ள மொழியில் இரண்டு சோடி தற்செயலாகவே ஒத்துவரும். யேலி போன்ற மொழியில் அதே இரண்டு சோடி கனதியான சாட்சி. எத்தனை சோடி வேண்டும் என்று ஒரே எண்ணை மனப்பாடம் செய்விக்காதீர்கள். எத்தனை மெய் இருக்கிறது என்று முதலில் கேட்கப் பழக்குங்கள்.

—

களுவாஞ்சி_வகுப்பு:

இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. கடைசியாக ஒன்று. கையேட்டில் ஒவ்வொரு மொழிக்கும் எதிரே குடும்பம் என்று ஒரு நிரல் போடவேண்டும். சர்ச்சை உள்ள மொழிக்கு என்ன எழுதுவது? 'தனிமொழி' என்று போட்டால் மாணவர் அதை உறுதியான முடிவு என்று எடுப்பார்களே?

—

ஒலுவில்_நூலகம்:

நிரலை இரண்டாக்குங்கள். முதலாவதில் எல்லோரும் ஏற்கும் மிகச் சிறிய குழு. இரண்டாவதில் அதற்கு மேல் முன்வைக்கப்பட்ட இணைப்பும், அது எந்தச் சாட்சியத்தில் நிற்கிறது என்பதும்: சொல்விழுக்காடா, மூவிடப்பெயரா, ஒலியொழுங்கா. உதாரணமாக அபுய் மொழிக்கு முதல் நிரலில் 'அலோர் - பந்தார்'. அந்தக் குடும்பத்துக்கு ஒலியொழுங்கு காட்டி 2012இல் கேரி ஹோல்டன், மரியன் கிளாமர் முதலியோர் நிறுவியிருக்கிறார்கள். இரண்டாவது நிரலில் 'ட்ரான்ஸ் நியூகினி (மூவிடப்பெயர்; சொற்சாட்சி மெலிவு)'. கலாம் மொழிக்கு 'மடாங்', பிறகு 'ட்ரான்ஸ் நியூகினி (மூவிடப்பெயரும் சொற்களும்)'. பிலுவாவுக்கு முதல் நிரல் வெறுமை, இரண்டாவதில் 'மத்திய சொலமன் (சர்ச்சை)'. குவோட்டுக்கு முதல் நிரல் வெறுமை, இரண்டாவதில் 'கிழக்குப் பப்புவா (கைவிடப்பட்டது)'.

தனிமொழி என்பதில் இரண்டு வகை இருப்பதைப் பிரித்துக் காட்டவேண்டும். குவோட், யேலி, டயப் போன்றவற்றுக்கு நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. செப்பிக் ஆற்று முகப்புக்குக் கிட்ட கபுன் என்ற ஊரின் டயப் மொழிக்கு 2019இல் டொன் குலிக்கும் அஞ்செலா டெரிலும் முழு இலக்கணமே எழுதினார்கள். பிள்ளைகள் டொக் பிசினுக்கு மாறிவிட்டதால் பேச்சாளர் நூறுக்கும் குறைவு. தரவு இருந்தும் உறவு கிடைக்கவில்லை என்றால் அது தனிமொழி. தரவே போதாமல் ஒதுக்கி வைத்தது வேறு. அதற்கு 'வகைப்படுத்தப்படாதது' என்று எழுதுங்கள்.

இரண்டாவது வகைக்கு நல்ல உதாரணம் தம்போரா. இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் 1815இல் தம்போரா எரிமலை வெடித்தபோது அதன் அடிவாரத்தில் பேசிய மொழியும் போய்விட்டது. மிஞ்சியது ஸ்டம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் 1817இல் அச்சிட்ட, ஐம்பது சொல்லும் தேறாத ஒரு பட்டியல். டொனஹியூ 2007இல் அதை ஆராய்ந்து, சுற்றியுள்ள ஆஸ்திரோனேசிய மொழிகளோடு சேராதது, பப்புவா வகையைச் சேர்ந்தது என்றார். நான் மேலே சொன்னபடி, அது 'எது அல்ல' என்ற விடை. எந்தப் பப்புவாக் குடும்பம் என்று கேட்டால் அந்தப் பட்டியலால் சொல்ல இயலாது. முன்னொட்டுகளைப் பிரிக்க வாக்கியம் இல்லை, மூவிடப்பெயர் வரிசை இல்லை, திரும்பக் கேட்க ஆளும் இல்லை. கையேட்டில் தம்போராவுக்கு இரண்டு நிரலும் வெறுமை. ஓரத்தில் 'ஆஸ்திரோனேசியம் அல்ல' என்று மட்டும் போடுங்கள்.